விதி பதினான்கும் அக்காவின் கட்டைவிரலும்

எடை அளவுச் சான்று நிலையத்தில் யாரும் எடைக்கல்லை வெறுங்கையால் தொடுவதில்லை. விரலில் இருக்கும் எண்ணெய்ப் பசை ஒட்டினால் கல் கனத்துவிடும். கல் கனத்தால் கடைத்தெருவில் இருக்கிற தராசெல்லாம் பொய் பேசத் தொடங்கிவிடும். ஆகவே கையுறை, இடுக்கி, மூச்சைப் பிடித்துக்கொள்ளுதல் ஆகிய மூன்றும் அங்கே கட்டாயம். இந்த மூன்றிலும் கெட்டிக்காரனான ஒரு பரிசோதகன் இரண்டாம் மாடியில் இருந்தான். ஆள் மகா ஒடிசல். சம்பளப் பட்டியலைத் தவிர மற்ற எல்லா இடத்திலும் அவனுக்குக் 'கிராம்' என்றுதான் பெயர். வேலைக்குச் சேர்ந்து இருபத்தொரு மாதம் ஆகியிருந்தது. இருபத்து நான்கு முடிந்தால் நிரந்தரம். அதுவரை அவன் தும்முவதற்குக்கூட வராண்டாவுக்குப் போய்வந்தான்.

நிலையத்தின் ஒவ்வொரு சுவரிலும் விதி பதினான்கு கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கும்: 'எந்தப் பொருளையும் தாமே பரிசோதிக்காமல் அதற்குச் சான்றளிப்பவர் பணியிழப்பார்.' அதற்கு நேர் கீழே, ஆணி அங்கேதான் இருந்தது என்பதால், பிளாஸ்டிக் உறை போட்ட இன்னொரு அறிவிப்பு தொங்கியது: 'வைஃபையில் இணைக்கும்போது எச்சரிக்கை வந்தால் ஊழியர்கள் பயப்படாமல் 'நம்பு' என்பதை அமுக்கவும். - வலைப் பிரிவு.'

எச்சரிக்கை வரத்தான் செய்தது. எந்தக் கைப்பேசியை இணைத்தாலும், 'இந்த இணைப்பின் பாதுகாப்புச் சான்றிதழ் காலாவதியாகிவிட்டது. இதை வழங்கியவர் யாரென்று உறுதிசெய்ய முடியவில்லை' என்று திரையில் எழுந்து நின்று, 'நம்பு', 'ரத்து' என்று இரண்டு பொத்தான்களை நீட்டும். ஊரில் உள்ள தராசுக்கெல்லாம் சான்றிதழ் தருகிற நிலையத்தின் சொந்தச் சான்றிதழ் காலாவதியாகி மூன்று வருடம் ஆகியிருந்தது. புதுப்பிக்க வேண்டுமென்றால் நிலையத்தின் இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். செல்லுபடியாகும் சான்றிதழ் இல்லாத இணைப்பு வழியாக வருகிறவர்களை அந்தத் தளம் உள்ளே விடாது. இந்தச் சிக்கலை வலைப் பிரிவுத் தலைவர் மூன்று வருடமாகக் கவனித்து வந்தார். மூலையில் உட்கார்ந்து கண்ணைச் சிமிட்டிக்கொண்டே இருப்பதால் அவருக்கு 'ரூட்டர்' என்று பெயர்.

ஒருநாள் காலை பதினொரு மணிக்குக் கொஞ்சம் முன்னால், கிராம் ஐந்து கிராம் கல்லை இடுக்கியில் தூக்கிப் பிடித்திருந்த நேரத்தில், மாடி அக்கா வாசலில் வந்து நின்றாள். இரண்டாம் மாடியை ஒன்பது வருடமாகப் பெருக்கித் துடைக்கிறவள் அவள். நிலையத்து ஊழியர் அல்ல. ஒரு துப்புரவு நிறுவனம் ஒப்பந்தத்தில் அனுப்பிவைத்தவள்.

"தம்பி, கை ஒழிவா இருக்கா?"

"ஒரு கை ஒழிவுக்கா."

"அது போதும். நெட்டு தீந்துபோச்சு. அவருக்குப் பதினோரு மணி மாத்திரை. போட்டாரான்னு கேக்கணும். இந்த வைஃபையில கொஞ்சம் மாட்டி விடேன்."

அக்காவின் கணவருக்குப் பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் வராது. கால் முறிந்து ஒரு மாதமாக வீட்டில் படுத்திருந்தார். சாதாரண அழைப்பு அவரிடம் செல்லாது. முகம் பார்த்துக் கையால்தான் பேச வேண்டும். கிராம் இதையெல்லாம் அறிந்தவன். இடது கையால் கைப்பேசியை வாங்கினான். எச்சரிக்கை எழுந்து நின்றது. இடது கட்டைவிரலால் 'நம்பு' என்பதை அமுக்கினான். அரை நொடி ஆகியிருக்கும். கருவிக்குப் பெயர் கேட்டது. 'மாடி அக்கா' என்று போட்டான். வலது கையில் இடுக்கி ஒரு மயிரிழை அசையவில்லை.

திரையில் கணவர் வந்தார். அக்கா துடைப்பத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு ஒற்றைக் கையால் சரசரவென்று ஏதோ பேசினாள். அவர் இரண்டு கையாலும் பதில் சொன்னார். அக்கா சிரித்துவிட்டாள்.

"மாத்திரையைப் பூனை தின்னுடுச்சாம். பொய்யப் பாரு. எங்க வீட்டுல பூனையே இல்ல." கைப்பேசியை இடுப்பில் செருகிக்கொண்டாள். "நல்லா இருப்ப தம்பி."

இரண்டு மாதம் அப்படியே நன்றாகத்தான் இருந்தான்.

அப்புறம் வெளியிலிருந்து ஒரு தணிக்கையாளர் வந்தார். இயக்குநர் அறையில் உட்கார்ந்து வைஃபை கேட்டார். எச்சரிக்கையைப் படித்தார். அந்தக் கட்டடத்தில் அதை முழுதாகப் படித்த முதல் மனிதர் அவர்தான்.

"இதைப் பாத்துட்டு 'நம்பு'ன்னு எவனாவது அமுக்குவானா?" என்று கேட்டார்.

"எங்க நிலையத்துல யாரும் அமுக்க மாட்டாங்க சார்," என்றார் இயக்குநர். அதே வைஃபை வழியாக அவர் சட்டைப்பையில் இரண்டு செய்திகள் வந்து விழுந்த சத்தம் கேட்டது.

தணிக்கையாளர் அறிக்கையில் ஒரே ஒரு வரி எழுதிவிட்டுப் போனார்: 'பரிசோதிக்காமல் நம்பியவர் யார் என்று கண்டறிந்து தெரிவிக்கவும்.' இயக்குநர் அன்று மாலையே ரூட்டரிடம் பட்டியல் கேட்டார். மொத்தம் இருநூற்றுப் பன்னிரண்டு கருவிகள். முதல் வரியில் இயக்குநரின் கைப்பேசி இருந்தது. இரண்டாவது வரியில் இயக்குநரின் இன்னொரு கைப்பேசி இருந்தது. கொஞ்ச நேரம் இருவரும் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்கள்.

வழியை ரூட்டர்தான் கண்டுபிடித்தார். அறிவிப்பில் 'ஊழியர்கள்' அமுக்கவும் என்று இருக்கிறது. அப்படியானால் ஊழியர்கள் அமுக்கியது குற்றமல்ல, கீழ்ப்படிதல். ஊழியர் அல்லாத ஒருவர் அமுக்கியிருந்தால் மட்டுமே அது விதி பதினான்கில் வரும். இருவரும் பட்டியலில் விரலை ஓட்டிக்கொண்டே போனார்கள். இருநூற்றுப் பன்னிரண்டாவது வரியில் விரல் நின்றது.

"அப்ப குத்தம் நடந்தது ஒரே ஒரு தடவைதான்," என்றார் இயக்குநர், நெஞ்சிலிருந்து பாரம் இறங்கிய குரலில். "இவ்வளவு பெரிய நிலையத்துல ஒண்ணுங்கறது ரொம்பக் கம்மி."

நம்பிக்கை விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. தலைவர் இயக்குநர். உறுப்பினர் ரூட்டர். பரிசோதனைப் பிரிவிலிருந்து ஒருவர் இருந்தே தீர வேண்டும் என்று ஒரு விதி இருந்ததால் அந்தப் பிரிவின் மூத்தவர்கள் அத்தனை பேருக்கும் அன்றே காய்ச்சல் வந்தது. மூன்றாவது உறுப்பினராகக் கிராமின் பெயர் எழுதப்பட்டது.

அன்று வீட்டில் அவன் இதைச் சொன்னதும் மனைவி சிரிப்பை அடக்க முடியாமல் சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"குத்தவாளியே ஜட்ஜா?"

"சிரிக்காத. பேரு எழுதியாச்சு."

"அதுக்கென்ன, நாளைக்குக் காலையில போயி நான்தான் அமுக்கினேன்னு சொல்லிடுங்க. விஷயம் முடிஞ்சுது."

"சொல்றேன். இந்த மாசம் முடியட்டும். ஆர்டர் கைக்கு வந்ததும் முதல் வேலை அதுதான்."

"அதுக்குள்ள அந்தக்கா வேலை போயிட்டா?"

"போகாது. வெறும் எச்சரிக்கையோட விட்டுடுவாங்க."

"யாரு சொன்னா?"

"நான்தான் குழுவுல இருக்கேனே."

மனைவி சிரிப்பதை நிறுத்தினாள். "சாப்பாடு போடவா, இல்ல அதையும் குழுவுல கேட்டுட்டு வரீங்களா?"

முதல் அமர்வு கருத்தரங்க அறையில் நடந்தது. நீள மேசைக்கு ஒரு பக்கம் குழு. எதிரே ஒற்றை நாற்காலி. அக்கா அந்த நாற்காலியைத் துணியால் ஒரு தடவை துடைத்துவிட்டு உட்கார்ந்தாள். ஒன்பது வருடத்தில் அந்த அறையில் அவள் உட்காருவது அதுதான் முதல் முறை.

ரூட்டர் எழுந்து முன்னுரை சொன்னார்.

"நம்ம சான்றிதழ் காலாவதியானதுன்னு சில பேர் சொல்றாங்க. காலாவதின்னா என்ன? தேதி போயிடுச்சு. தேதி போனா பொருள் கெட்டுதா? எனக்கும்தான் வயசாகுது. அடுத்தது, வழங்கியவர் யாருன்னு தெரியலன்னு போன் சொல்லுது. வழங்கினது நாமதான். நமக்கு நாமே குடுத்துக்கிட்டோம். நம்மளைப் பத்தி நம்மளைவிட நல்லாத் தெரிஞ்சவங்க வெளியில யாரு இருக்காங்க? அதனால சான்றிதழ் மேல எந்தத் தப்பும் கிடையாது. அதை நம்பினவங்க மேலதான் தப்பு."

இயக்குநர் தலையாட்டினார். கிராம் இதை வார்த்தை பிசகாமல் குறிப்பேட்டில் எழுதினான். வயதில் இளையவன் என்பதால் எழுதுகிற வேலை அவன் தலையில்தான் விழுந்திருந்தது.

"ஏம்மா," என்றார் ரூட்டர், "அமுக்கறதுக்கு முன்னாடி சான்றிதழோட விரல்ரேகையை ஒப்பிட்டுப் பாத்தியா? அதோட அடையாளக் குறி, அறுபத்து நாலு எழுத்து இருக்கும்."

"ரேகை இருந்தா துடைச்சிருப்பேன் சார். கண்ணாடின்னா எனக்கு ரேகை பிடிக்காது."

"நேரடியாக் கேக்கறேன்," என்றார் இயக்குநர். "உன் போன்ல 'நம்பு'ங்கறதை அமுக்கினது யாரு?"

கிராமின் பேனா நின்றது. அக்கா அவன் பக்கம் திரும்பவே இல்லை. எல்லோர் மேசைக்கு அடியிலும் தினமும் குனிந்து பெருக்குகிறவள். யாருக்கு எந்த மாதம் வேலை நிரந்தரமாகிறது என்பது அவளுக்கு அத்துப்படி.

"நான்தான் சார்."

'நான்தான்' என்று எழுதினான் கிராம். அவன் கையெழுத்து எப்போதும் முத்து முத்தாக இருக்கும். அன்றும் அப்படியே இருந்தது. அதுதான் அவனுக்கு அருவருப்பாக இருந்தது.

அமர்வு முடிந்து வராண்டாவில் அவளைப் பிடித்தான்.

"அக்கா, ஏன்கா அப்படிச் சொன்னீங்க?"

"வேற எப்படிச் சொல்றது? கொஞ்சம் திட்டுவாங்க, விட்டுடுவாங்க. திட்டு வாங்கினா எனக்கென்ன தேஞ்சா போயிடும்? நீ போயி உன் கல்லைப் பாரு. தள்ளு, இங்க ஈரம்."

அவன் தள்ளி நின்றான். அதற்கப்புறம் இரண்டு வாரம் தள்ளியே நின்றான். காலையில் அவள் வாளி சத்தம் கேட்டால் தண்ணீர் குடிக்கக் கீழே போனான். பதினொரு மணிக்கு அவள் மொட்டைமாடிக்குப் போய், காசு போட்டு வாங்கின நெட்டில், வெயிலில் நின்று கணவரிடம் கையாட்டுவதை ஜன்னல் வழியாகப் பார்த்தான். வைஃபையிலிருந்து அவள் கைப்பேசியை மட்டும் ரூட்டர் துண்டித்திருந்தார். மற்ற இருநூற்றுப் பதினொன்றும் கீழ்ப்படிதலில் இருந்தன.

இரண்டாம் அமர்வில், அமுக்கியபோது அவள் மனநிலை என்ன என்று பேசினார்கள். பரிசோதிக்காமல் நம்பினாளா, பரிசோதிக்க வேண்டும் என்று தெரியாமலே நம்பினாளா என்பதில் இயக்குநருக்கும் ரூட்டருக்கும் கருத்து வேறுபாடு வந்து, அது அவர்களுடைய பழைய பதவி உயர்வுச் சண்டை வரை போய்த் திரும்பியது. முடிவில் இருவரும் களைத்துப்போனார்கள். எச்சரிக்கையோடு முடித்துவிடலாம் என்று இயக்குநர் சொன்னார். ஆனால் இது எடை அளவு நிலையம். அறிக்கையில் ஒரு அளவாவது இருக்க வேண்டாமா என்று ரூட்டருக்குத் தோன்றியது. எவ்வளவு எடையோடு அமுக்கினாள் என்பதை அளந்து, அந்த எண்ணை அறிக்கையில் போட்டுவிட்டால் தணிக்கையாளர் வாயைத் திறக்க மாட்டார்.

ஆகவே மூன்றாம் அமர்வு கிராமின் மேசையிலேயே நடந்தது. அக்காவின் கைப்பேசியை வைஃபையில் மறுபடி இணைக்க வைத்தார்கள். எச்சரிக்கை எழுந்து நின்றதும், அதை அப்படியே தராசுத் தட்டில் மல்லாத்தி வைத்தார்கள். கைப்பேசியின் எடையைக் கழித்து முள்ளைப் பூஜ்யத்தில் நிறுத்தியவன் கிராம்.

"அன்னைக்கு எப்படி அமுக்கினியோ அதே மாதிரி அமுக்கும்மா," என்றார் ரூட்டர்.

அக்கா கட்டைவிரலை வைத்தாள். நூற்று நாற்பது கிராம். திரை அசையவில்லை. இன்னும் அழுத்தினாள். முந்நூறு. ஒன்றும் நடக்கவில்லை. புடவையில் விரலைத் துடைத்துக்கொண்டு மறுபடி வைத்தாள். அறுநூற்று ஐம்பது. கைப்பேசி அவளை ஒரு மரக்கட்டையாகவே நினைத்தது.

கிராம் குனிந்து அந்த விரலைப் பார்த்தான். ஒன்பது வருடம் தரை கழுவும் திரவத்தில் ஊறி, தோல் காய்த்து, வெடித்து, வழவழவென்று இருந்தது. ரேகை என்று ஒன்று இருந்த அடையாளமே இல்லை. கணவரை அழைக்கும்போதெல்லாம் அவள் நடுவிரலின் பக்கவாட்டால் திரையைத் தட்டுவது அவனுக்கு இப்போதுதான் நினைவுக்கு வந்தது. ஒரு கல்லில் எண்ணெய்ப் பசை ஒட்டக் கூடாது என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு இரண்டு வருடம் உட்கார்ந்திருந்தவன், பக்கத்தில் ஒரு கை தேய்ந்துகொண்டிருந்ததைப் பார்க்கவில்லை.

"போன் பழசு," என்றார் ரூட்டர் சலிப்போடு. "அறுநூத்தி அம்பதுன்னு போட்டுக்கலாம்."

"போட்டுக்கலாம்," என்றார் இயக்குநர். "நாளைக்குக் கையெழுத்து. எச்சரிக்கை குடுத்து முடிச்சுடலாம். எனக்கு இதோட ஆறு மீட்டிங் தள்ளிப்போயிடுச்சு."

அக்கா மேசை விளிம்புக்குக் கீழே கையை வைத்து, கிராமுக்கு மட்டும் தெரியும்படி விரல்களைக் குவித்து ஒரு தடவை அசைத்தாள். கணவரிடம் அவள் அடிக்கடி செய்கிற சைகை அது. அதற்கு என்ன பொருள் என்று கிராம் ஒருநாளும் கேட்டதில்லை. 'சொல்லிவிடு' என்று கெஞ்சுகிறாள் என்று நினைத்துக்கொண்டான். அப்படி நினைப்பதுதான் அப்போது அவன் நெஞ்சுக்குத் தேவையாக இருந்தது.

"அமுக்கினது அவங்க இல்ல சார். நான்," என்றான்.

தராசு முள் நடுங்கியது. மூச்சு பட்டிருக்கும்.

"இடது கட்டைவிரல். அரை நொடி. படிக்கவே இல்ல. பேரு வெச்சதும் நான்தான். மூணு வாரமா இதை எழுதிக்கிட்டு உக்காந்திருந்தேன் சார். அவங்களை விட்டுட்டு என்மேல நடவடிக்கை எடுங்க."

இயக்குநர் மெல்ல எழுந்து அவன் தோளில் கை வைத்தார்.

"நீங்க யாரு? ஊழியர். அறிவிப்புல என்ன இருக்கு? ஊழியர்கள் அமுக்கவும். அப்ப நீங்க செஞ்சதுல என்ன தப்பு இருக்கு? சொல்லப்போனா, கையில வேலை இருக்கும்போதும் ஆணையை நிறைவேத்தியிருக்கீங்க. அதைத் தைரியமா எடுத்தும் சொல்றீங்க. உங்களை மாதிரி ஆளுங்கதான் நிலையத்துக்கு வேணும்."

கிராமுக்கு மூச்சு வந்தது. "அப்ப அக்கா மேலயும் தப்பில்லதானே சார்?"

"அமுக்கினதுல தப்பே இல்ல," என்றார் இயக்குநர். குரல் தாழ்ந்தது. "ஆனா அமுக்காமலே அமுக்கினேன்னு ஒரு குழு முன்னாடி சொல்லியிருக்காங்க. நீங்கதான் எழுதியிருக்கீங்க, முத்து முத்தா. அமுக்கியிருந்தா எச்சரிக்கையோட விட்டிருப்பேன். பொய்யை எப்படி விடறது? ஊர்ல எங்க பொய் இருந்தாலும் கண்டுபிடிக்கறதுக்குத்தான் மக்கள் வரிப்பணத்துல இந்தக் கட்டடத்தைக் கட்டி வெச்சிருக்கு."

ரூட்டரின் கண்கள் வேகமாகச் சிமிட்டின. இவ்வளவு சுத்தமான ஒரு முடிவை அவரே எதிர்பார்க்கவில்லை.

"நான் கையெழுத்துப் போட மாட்டேன் சார்," என்றான் கிராம்.

"பரவால்ல. மூணுல ரெண்டு போதும்," என்றார் இயக்குநர் அன்பாக.

மறுநாள் காலையில் இரண்டு உத்தரவுகள் வந்தன. ஒன்று, நேர்மையைப் பாராட்டி, நான்கு நாள் முன்னதாகவே கிராமை நிரந்தரமாக்கியது. மற்றது துப்புரவு நிறுவனத்துக்குப் போனது.

மாடிப்படிக்குக் கீழே துடைப்பங்கள் வைக்கிற சின்ன அறையில் அக்கா தன் சாமான்களை ஒரு பைக்குள் போட்டுக்கொண்டிருந்தாள். ஒரு தம்ளர், ஒரு சீப்பு, மாற்றுச் செருப்பு. கிராம் வாசலில் நின்றான். உள்ளே இருவருக்கு இடமில்லை.

"அக்கா..."

"பேசாம இருன்னு கை காட்டினேனே தம்பி. பாக்கலியா?"

அவன் தன் விரல்களை அதே மாதிரி ஒரு தடவை குவித்துப் பார்த்தான்.

"மூணு வாரம் வாயைத் தெறக்கல. இன்னும் ஒரே ஒரு நாள் பொறுத்திருக்கக் கூடாதா?" அவள் குரலில் கோபம்கூட இல்லை, பால் பொங்கிவிட்ட அடுப்பைப் பார்க்கிறவளின் அலுப்புதான் இருந்தது. செருப்பைப் பையில் திணித்தாள். "சரி, அதை விடு. நாலு தெரு தள்ளி ஒரு பள்ளிக்கூடத்துல ஆள் கேக்கறாங்களாம். முன்ன வேலை பாத்த எடத்துலருந்து ஒரு லெட்டர் வேணுமாம். இங்க குடுக்க மாட்டேன்னுட்டாங்க. நீ எழுதிக் குடுக்கறியா?"

கிராம் மேலே ஓடிப்போய்த் தாளும் பேனாவும் கொண்டுவந்தான். சுவரில் தாளை வைத்து எழுதினான். அக்கா அதை வாங்கி, ஒவ்வொரு சொல்லாக விரல் வைத்து, உதடு அசையப் படித்தாள்.

'இவர் ஒன்பது வருடம் இந்த நிலையத்தின் இரண்டாம் மாடியைச் சுத்தமாக வைத்திருந்தார். ஒரே ஒரு பொய் சொன்னார். அதுவும் எனக்காக.'

"பின்னாடி இருக்கற ரெண்டு வரியையும் எடுத்துடு."

"அது உண்மைக்கா."

"உண்மைதான். அது இருந்தா உனக்கு மனசு லேசாகும். எனக்கு வேலை கிடைக்காது."

அவன் தாளைத் திருப்பி, முதல் வரியை மறுபடி எழுதினான். அதற்குக் கீழே, 'இவர் பொய் சொல்லாதவர்' என்று சேர்த்தான். ஒரு நாளைக்கு நாற்பது சான்றிதழ் வீதம் இரண்டு வருடமாகக் கையெழுத்துப் போடுகிறவன். தப்பு என்று தெரிந்தே ஒன்றுக்குப் போடுவது இதுதான் முதல் தடவை. போட்டான்.

அக்கா அதையும் முதலிலிருந்து கடைசி வரை படித்தாள்.

"இப்ப சரி. ஆனா கீழ 'கிராம்'னு எழுதினா எவன் நம்புவான்? உன் பேரை முழுசா எழுது."

அவன் எழுதினான். அக்கா தாளை வெளிச்சத்துக்குத் திருப்பி அந்தப் பெயரை எழுத்துக் கூட்டிப் படித்தாள். இன்னொரு முறையும் படித்தாள். ஒன்பது வருட வேலையை யாருக்காக விட்டோம் என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.